ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு

ஏலே ராசா, இதைக் கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் எனக்குப் போன் போட வேண்டும். பாதியில் போட்டால் எடுக்க மாட்டேன். போனில் என்றால் "அம்மா, ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று என்னை அடக்கிவிடுவாய். காகிதத்தில் உன்னால் என் வாயை மூட முடியாது. ஐந்தாவதோடு நின்றவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காதே. நம் ஆட்டுக்கறிக் கடையில் கறி மடிக்க வாங்கும் பழைய பேப்பரை மடிப்பதற்கு முன்னால் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்கே தெரியும். "ஆளு நிக்கிறாக, நீ பேப்பரு படிக்கிற" என்று உங்கப்பா இருபத்தைந்து வருசமாக வைதும் அது போகவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். வரும் திங்கட்கிழமை நீ கல்லூரியில் ராஜினாமா கொடுக்கப் போகிறாய் என்று உங்கப்பா சொன்னார். மூன்று வருசமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நரம்பு ஆராய்ச்சியை அப்படியே போட்டுவிட்டு, விருதுநகரில் ஏதோ ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேரப் போகிறாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "கல்யாணம் ஆகப்போகுதுல்லப்பா, நாலு பேருக்கு வைத்தியம் பாக்குற டாக்டரா இருக்கணும்ல" என்றாயாம். உங்கப்பா அதை நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. நீ வேலையை விடுவதற்குக் காரணம் கல்யாணம் இல்லை, நான்தான். நான் சொன்ன ஒரு பெரிய பொய்யை நிசமாக்கத்தான் நீ இந்தக் கூத்தைச் செய்கிறாய். அந்தப் பொய்யை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ டாக்டருக்குப் படித்து முடித்து, மேல்படிப்புக்கு உடற்கூறியல் எடுத்தேன் என்று வந்து நின்றபோது, அது என்ன வைத்தியம் என்று கேட்டேன். "வைத்தியம் இல்லம்மா, ஒடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு பாக்குறது. செத்தவுக ஒடம்ப வச்சுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கணும்" என்றாய். எனக்கு அன்றைக்கு மனசு இறங்கிப்போனது. கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏத்தா, ஒம் மகன் எந்த ஆஸ்பத்திரி? எம் பேத்திக்குக் காச்சலு, ஒரு ஊசி போடச் சொல்லேன்" என்பார்கள். "அவன் ஊசி போட மாட்டான், பொணத்தத்தான் பாப்பான்" என்று எப்படிச் சொல்வது? நான்தான் யாருக்கும் வாய் கொடுத்துத் தோற்காதவள் ஆச்சே. "என் மகன் கிட்ட போன ஆளு ஒருத்தர்கூட இதுவரைக்கும் செத்ததில்ல, தெரியுமா? எந்த டாக்டரு அப்படிச் சொல்ல முடியும்?" என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். வெட்கம் மட்டும் உள்ளே அப்படியே இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன் என்பதை இன்றைக்குத்தான் உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சிரிப்பை உன் முன்னால் ஒருநாள் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? உன் துறையைப் பார்க்க வந்த அன்றைக்கு. மருந்து வாடைக்கு நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஒன் நோயாளிக எல்லாம் சமத்தாப் படுத்திருக்காகளே" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அம்மா, இவுக எல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்காகத் தங்க ஒடம்பத் தானமாக் குடுத்தவுக. இவுகளத்தான் நாங்க மொத வாத்தியாருன்னு சொல்லுவோம்" என்றாய். நீ என்னிடம் குரலை உயர்த்தாமலே என் வாயை அடைத்தது அந்த ஒரு தடவைதான். பிறகு என்னை மேசைக்கு அழைத்துப் போய், பாதியாக அறுத்து வைத்த ஒரு தலையைக் காட்டினாய். நான் பயப்படுவேன் என்று நீ நினைத்தாய். நானா பயப்படுவேன்? எத்தனை ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டி, சுரண்டி, பிளந்திருப்பேன்! எங்கே தட்டினால் மண்டை இரண்டாகும், எந்தப் பக்கம் விரலை விட்டால் மூளை உடையாமல் முழுசாக உள்ளங்கையில் வந்து உட்காரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் குனிந்து பார்த்துவிட்டு, "சுத்தமா எடுத்திருக்கியேலே. வேலை போனாலும் நம்ம கடையில ஒக்காந்துக்கலாம்" என்றேன். உன் மாணவப் பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அந்தக் கட்டடத்துக்கே புதுசு.

அன்றைக்குத்தான் நீ அந்த நரம்பைக் காட்டினாய். மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பி முகத்துக்குப் போகிற வெள்ளை நரம்பு, பேனாவுக்குள் போடுகிற ரீபில் தடிமன்தான் இருக்கும். அதை உரசிக்கொண்டு சேமியா மாதிரி ஒரு ரத்தக் குழாய். "மூஞ்சியில ஈ ஒக்காந்தாலும் மூளைக்குச் சேதி கொண்டுபோறது இந்த நரம்புதான். சில பேருக்கு இந்தக் குழாய் நரம்பு மேல சாஞ்சு, துடிச்சுத் துடிச்சு, அதோட மேலுறையத் தேச்சுரும். அப்புறம் காத்துப் பட்டாக்கூட உயிர் போற வலி" என்றாய். நான் கேட்டேன்: "செத்தவுகளுக்கு வலிக்கவா போகுது? இதப் பாத்து ஒனக்கு என்னலே ஆகப்போகுது?" அதற்கு நீ சொன்னாய்: "ஆபரேசன் பண்ற டாக்டரு காதுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை போட்டு அது வழியாத்தாம்மா பாப்பாரு. அந்த ஓட்டைக்குத் தெரியாத பக்கத்துல என்ன இருக்கும்னு முன்னாடியே பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல." சரி, ஏதோ சொல்கிறான் என்று காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது என் மடத்தனத்தைச் சொல்கிறேன், கேள். அந்த வருசம் ஆடியில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது புழுதிக் காற்று ஒன்று முகத்தில் அடித்தது. வலது கன்னத்தில் யாரோ கரண்டுக் கம்பியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று நொடிதான், போய்விட்டது. மறுநாள் பல் விளக்கும்போது வந்தது. அப்புறம் சோற்றை மென்றால் வந்தது. முகம் கழுவினால் வந்தது. நம் காட்டுப் பக்கம் ஆடிக் காற்று எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாசம் முழுக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். பல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நரம்பை நீ விரல் வைத்துக் காட்டியிருக்கிறாய், காற்றுப் பட்டால் வலிக்கும் என்றும் சொல்லியிருக்கிறாய். அந்த நரம்பைத் தவிர வேறு வேலையே பார்க்காத ஒருத்தனைப் பெற்று வைத்திருக்கிறேன். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? "அவன் என்ன வைத்தியம் பாக்குற டாக்டரா" என்று நினைத்தேன். ஊர் சொன்னதற்கு வாயால் எதிர்வாதம் செய்துவிட்டு, மனசுக்குள் நானும் அதையே நினைத்திருக்கிறேன் பார்.

பல் டாக்டரிடம் போய்ப் பின்னால் இருந்த பல் ஒன்றைப் பிடுங்கினேன். வலி நிற்கவில்லை. இன்னொன்றையும் பிடுங்கச் சொன்னேன். "பல்லு நல்லாருக்கும்மா, நீங்க நரம்பு டாக்டரப் பாருங்க" என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்பேனா? வேறொருவரிடம் போய், வலியில்லாத பல்லையே வலிக்கிறது என்று சத்தியம் பண்ணிப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு நல்ல பல் போனதுதான் மிச்சம். உனக்கு ஒன்று சொல்கிறேன், கல்யாணத்துக்கு அப்புறம் உதவும்: வலிக்கிற இடத்தை வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காதே. மறைத்தால் வேறு எங்கேயோ போய் எதையோ பிடுங்கிக்கொண்டு வருவோம்.

தீபாவளிக்கு நீ வந்தாய். வலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேறு எதையுமே பேசாமல் இருந்தேன். அதைப் பார்த்துத்தான் நீ பயந்துபோனாய். உங்கப்பா மட்டும் "நல்லாத்தான இருக்கு, இப்படியே இருக்கட்டும்" என்றார். நீ என்னை உட்கார வைத்து மூன்றே கேள்வி கேட்டாய். பல் விளக்கினால் வருதா? காத்துப் பட்டால் வருதா? வந்தால் எவ்வளவு நேரம் இருக்கு? நான் சொல்லச் சொல்ல உன் முகம் செத்துப்போனது. "அம்மா, நான் ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டிருக்கிறது இந்த நரம்பத்தாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். நீ அழுதாய் என்று உங்கப்பா சொன்னார். வெடிப் புகை என்று நீ சொன்னாய். நான் இரண்டையும் நம்பினேன்.

நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் அளவைக் கூட்டக் கூட்டத் தலை சுற்றியது. ஒருநாள் கடையில் ஆட்டுத் தலை வாட்டிக்கொண்டிருக்கும்போதே தீப்பக்கம் சாய்ந்துவிட்டேன். உங்கப்பா கொண்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார்கள். நீ விடவில்லை. நரம்பு கிளம்புகிற இடத்தை மட்டும் மெல்லிசு மெல்லிசாக எடுக்கிற ஸ்கேனை எடுக்க வைத்தாய். தடதடவென்று கொட்டடிக்கிற அந்த ஸ்கேன் மிசினுக்குள் நான் படுத்துக் கிடந்தேனே, அதற்குள் இருக்கும்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பதில் பேச ஆள் கிடைக்கவில்லை. படத்தில் நரம்பின் மேல்பக்கம் ஒரு ரத்தக் குழாய் சாய்ந்திருந்தது தெரிந்தது.

மதுரையில் ஆபரேசன் செய்த பெரிய டாக்டர் தங்கமான மனுசன். ஆபரேசனுக்கு முந்தின நாள் காலையில் என் கட்டில் ஓரத்தில் நின்றுதான் நீங்கள் இரண்டு பேரும் பேசினீர்கள். "மேல இருக்கிற குழாய் தெளிவாத் தெரியுது. அதை நகர்த்தி நடுவுல ஒரு சின்னத் திண்டு வச்சுட்டா போதும்" என்றார் அவர். நீ வரைந்து வைத்திருந்த நரம்புப் படங்களைப் பையிலிருந்து எடுத்து என் போர்வை மேலேயே பரப்பினாய். "சார், நரம்புக்கு அடியிலயும் ஒரு தடவை பாத்துருங்க. நான் அறுத்துப் பார்த்ததுல சிலதுல மேல ஒண்ணு, அடியில ஒண்ணு இருந்துச்சு. நீங்க பாக்குற கோணத்துல நரம்பே அதை மறைச்சுரும். ஸ்கேன்லயும் தப்பிச்சுரும்" என்றாய். உன் குரல் நடுங்கியது. அவர் ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்தப் படம் எனக்கு வேணும், எடுத்துக்கட்டுமா?" என்றார். என் மகனிடம் ஒரு பெரிய டாக்டர் கேட்டு வாங்குகிறார்! நான் சும்மா இருப்பேனா? "டாக்டரய்யா, மூளை கைக்கு வந்தா ஒடையாம எடுங்க. சந்தேகம்னா என்னைய எழுப்பிக் கேளுங்க, நான் தொழிலு தெரிஞ்சவ" என்றேன். அவர் சிரித்ததில் உன் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. அதற்காகத்தான் சொன்னேன்.

உன்னை உள்ளே விடவில்லை. நீ வெளியே உங்கப்பாவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கண் விழித்ததும் நான் முதலில் உங்கப்பாவைக் கிட்டே கூப்பிட்டேன். "ஊதுங்க" என்றேன். "என்ன?" "என் கன்னத்துல ஊதுங்கன்னு சொல்றேன்." அந்த மனுசன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே, அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதினார். நர்சம்மா திரும்பிக்கொண்டாள். ஒன்றுமே இல்லை! வெறும் காற்று! பெரிய டாக்டர் வந்து, "ஒங்க பையன் சொன்ன மாதிரியே நரம்புக்கு அடியில இன்னொண்ணு ஒளிஞ்சிருந்துச்சும்மா. ரெண்டையும் விலக்கியாச்சு. அதை விட்டிருந்தா வலி திரும்பியிருக்கும்" என்றார். எனக்கு அவர் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுசனாகத் தெரிந்தார், நீ அதற்கும் மேலாகத் தெரிந்தாய்.

இங்கேதான் வந்தது வினை. ஊருக்கு வந்ததும் ஆளாளுக்குப் பார்க்க வந்தார்கள். காதுக்குப் பின்னால் தையலைக் காட்டச் சொன்னார்கள். "யாரு செஞ்சது?" என்று கேட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பெருமை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கலாம். "எம் மகன்தான்! அவன்தான் மண்டையத் தொறந்து செஞ்சான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அவர்கள் கண் விரிந்தது பார், அந்த ருசி என்னை விடவில்லை. இத்தனை வருசம் "பொணத்து டாக்டரா" என்று கேட்ட வாய்களெல்லாம் திறந்தபடி நின்றன. நம் ஊர் பாலவனத்தம் முழுக்கச் சொன்னேன். கார்த்திகாவை உனக்குக் கொடுக்கப்போகிற சம்பந்திக்கும் போன் போட்டுச் சொன்னேன். திருச்சுழியில் மினிபஸ் ஓட்டுகிறவர் அவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "எம் மருமகன் மூளை ஆபரேசன் டாக்டரு" என்று சொல்லிச் சொல்லியே ஆளை இறக்கி ஏற்றியிருக்கிறார். கடைசியில், கை நடுங்குகிற தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்து, "மாப்ள, இவுக தலையையும் நீங்களே தொறந்து பாத்துருங்க" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். "நல்ல நரம்பு டாக்டரா பாத்து நானே கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். அவுகளுக்கு மாத்திரையிலேயே இப்போது எவ்வளவோ தேவலை. ஆனால் அன்றைக்கே நீ முடிவு செய்துவிட்டாய், இல்லையா? அம்மா பொய்க்காரியாகக் கூடாது, அதனால் நான் வைத்தியம் பார்க்கிற டாக்டராகிவிட வேண்டும் என்று.

உங்கப்பா ராஜினாமா சேதி சொன்ன மறுநாளே நான் திருச்சுழிக்கு பஸ் ஏறிவிட்டேன். போகும்போது ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன், வலது கன்னத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு. சம்பந்தி ஓட்டம் முடித்து வீட்டில்தான் இருந்தார். தாலுகா ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள் கார்த்திகா. சம்பந்தி சந்தோசமாக, "வாங்க தங்கச்சி, கல்யாணப் பத்திரிகையோட மாதிரி அச்சுக்கடையில இருந்து வந்திருக்கு, பாருங்க" என்று போனை நீட்டினார். உன் பெயருக்குக் கீழே "மூளை அறுவை சிகிச்சை நிபுணர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அண்ணே, அதை அழிச்சுருங்க. அது பொய்யி. சொன்னது நான். எம் மகன் ஆபரேசன் பண்றவன் இல்ல" என்று ஆரம்பித்து, பல் பிடுங்கியதிலிருந்து ஒளிந்திருந்த குழாய் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

சம்பந்தி போனைத் திருப்பி வாங்கிக் கீழே வைத்தார். "எங்க அக்கா தலையையே மாப்ள கையில குடுத்துரலாம்னு நின்னேனே தங்கச்சி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் என் வாய் இருக்கிறதே! "குடுத்திருந்தா நல்லாப் படம் வரைஞ்சு குடுத்திருப்பான்ணே" என்றேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போது கார்த்திகா சொன்னாள்: "அத்த, அவுக எங்கிட்ட மொதநாள் போன்லயே சொல்லிட்டாக. 'நான் ஊசி போடுற டாக்டரு இல்ல, பாடம் சொல்லிக் குடுக்குறவன், நரம்பப் பாக்குறவன், சம்மதமா'ன்னு கேட்டுட்டுத்தான் மேற்கொண்டு பேசுனாக." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன்த்தா நீ உங்கய்யாகிட்ட சொல்லல?" என்றேன். "நீங்க அம்புட்டு ஆசையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீக. அதை ஏன் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்" என்றாள். ராசா, உனக்கு நான் பார்த்த பெண் என்று இனிமேல் ஊருக்குச் சொல்ல மாட்டேன். என்னைவிடப் பெரிய மனசுள்ள ஒருத்தியை நானே தேடினேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் நீ வேலையை விடப் போகிறாய் என்று நான் சொன்னதும்தான் அவள் முகம் மாறியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! நீங்க சொன்னத நிசமாக்க இன்னைக்கு வேலைய விடுறவுக, நாளைக்கு எனக்காக எதையாச்சும் விட்டுட்டு, காலம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாக. அந்தத் தியாகமெல்லாம் எனக்கு வேணாம்னு சொல்லிருங்க அத்த" என்றாள். நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். வெட்கத்துக்காக ஒரு வேலையை விடாதே. நான் வெட்கத்துக்காக வாயை மூடினேன், பல் போனது. பெருமைக்காக வாயைத் திறந்தேன், மானம் போகப் பார்த்தது.

சம்பந்தி அதற்குள் வேறு ஒரு கணக்குக்குப் போய்விட்டார். "தங்கச்சி, அந்த ஒளிஞ்சிருந்த கொழாயக் காட்டிக் குடுத்தது மாப்ளதான?" "அவன்தான்ணே." "மத்த ஆளுகளுக்கும் அப்படி ஒளிஞ்சிருக்குமா?" "இருக்குமாம். எங்கெங்க இருக்கும்னுதான் பாத்துக்கிட்டிருக்கான்." அவர் தொடையில் தட்டினார். "அட, வண்டிய ரிவர்ஸ் எடுக்கையில பின்னாடி நின்னு 'வரட்டும், வரட்டும், நிறுத்து'ன்னு தட்டுற ஆளு! அந்த ஆளு இல்லைன்னா எப்பேர்ப்பட்ட டிரைவரும் செவுத்துல கொண்டுபோய்ச் சாத்திருவான். இதச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டு, அங்கேயே அச்சுக்கடைக்குப் போன் போட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னது கார்த்திகா. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தேன்.

பத்திரிகை வந்துவிட்டது. இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன், பார். உன் பெயருக்குக் கீழே "மருத்துவர், உடற்கூறியல் ஆசிரியர்" என்று போட்டிருக்கிறது. குலசாமிக்கு முதல் பத்திரிகை வைத்தாயிற்று. பாலவனத்தத்தில் பாதி வீட்டுக்கும், அருப்புக்கோட்டையில் உங்கப்பாவின் கடைத்தெரு முழுக்கவும் நானே போய் வைத்துவிட்டேன். வைக்கிற இடத்தில் எல்லாம் நின்று, "நான் முன்ன சொன்னது பொய்யி, எம் மகன் ஆபரேசன் பண்ணல, பண்றவருக்கு வழி சொன்னான்" என்று சொல்லி, இரண்டு கன்னத்தாலும் மென்று முறுக்குத் தின்று காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறேன். நாளைக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போகிறேன். ஆகவே ராசா, திங்கட்கிழமை நீ அந்த ராஜினாமாவைக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றை யோசித்துக்கொள். இத்தனை வயசில் நான் அச்சடித்து ஊருக்குக் கொடுத்த ஒரே உண்மை இது. இதைப் பொய்யாக்குகிறவன் என் மகனாக இருக்க முடியாது.

இனி போன் போடு.